பழைய சாவி வாட்ச்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிக் கட்டுவது? (கிருஷ்ணகிரி, தருமபுரி நண்பர்களுக்கு)

#1 மத்தூர் மாங்கா

தினமும் கையில் கட்ட ஒரு பழைய சாவி வாட்ச் தேடுகிறேன். எச்.எம்.டி. பைலட், ஜனதா, ஜவான், இந்த மூன்றில் ஒன்று. ஆன்லைனில் பார்த்தால் பச்சை டயல், ஆரஞ்சு டயல் என்று புதுசு போலப் பளபளக்கின்றன, விலையும் கம்மி. சந்தையிலும் பழைய சாமான் கடைகளிலும் கிடைப்பதோ அழுக்கேறி, கண்ணாடி கீறி, ஓடாமல் கிடக்கிறது. எதை எடுப்பது?

வேலை கிரானைட் பாலிஷ் பட்டறையில். தூசி, வியர்வை இரண்டுக்கும் குறைவில்லை. பக்கத்து ஓசூரிலேயே பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் செய்து குவிக்கிறார்கள், இதை எதற்குக் கட்டுகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கும் ஒரு பதில் சொல்லிக் கொடுங்கள்.

#2 ஓசூர் லூப்

வீட்டுக் கேள்விக்கு, நேரம் சரியாகக் காட்டும் என்று வாதாடப் போகாதீர்கள், தோற்பீர்கள். குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. பைலட்டுக்குள் முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் நொடிக்கு 5 தட்டுதான், மணிக்கு 18,000. ஆனால் ஒரு நாள் முழுக்கக் கூட்டினால் 4,32,000 தட்டு வருகிறது. நாளுக்கு 30 நொடி முன்பின் ஓடும் வாட்சில் பிழை 0.035 சதவீதம். சுருட்டி வைத்த ஓர் எஃகுப் பட்டையும் சில பித்தளைச் சக்கரங்களும் இதைச் செய்கின்றன. எனக்கு ஈர்ப்பு அங்கேதான்.

இன்னொன்று, பின்மூடியைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். கெட்டுப்போன பாகத்தை மட்டும் மாற்றலாம். மலிவு குவார்ட்ஸில் சர்க்யூட் போனால் மூவ்மென்டையே (உள்ளிருக்கும் முழு இயந்திரத்தையே) தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைப்பார்கள், அதுதான் செலவும் குறைவு.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதில் தனி சுவாரசியம் உண்டு. மத்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி. 1961-ல் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. தமிழக அரசின் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து 1984-ல் டைட்டனைத் தொடங்கி ஓசூரில் ஆலை எழுப்பி, குவார்ட்ஸில் இறங்கின. எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூடும் முடிவை மத்திய அரசு 2016-ல் எடுத்தது. ஒரே நெடுஞ்சாலையின் இரண்டு முனைகளில் இரண்டு காலம். பழைய பாகங்களும் பழகிய கைகளும் இந்தச் சாலையோரத்தில்தான் இன்னமும் அதிகம் கிடைக்கின்றன. முதல் வாட்ச் எச்.எம்.டி.யாக இருக்கட்டும் என்று சொல்வதற்கு அதுதான் காரணம்.

வாங்கும் விஷயம். பளபளப்பதை விட்டுவிட்டு, அழுக்காக, ஆனால் யாரும் கை வைக்காமல் இருப்பதை எடுங்கள். கடையில் வைத்தே பார்க்க வேண்டியவை:

சாவி கொடுக்கும் பக்கத் திருகான கிரௌனை 10 சுற்று திருகுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கிளிக் சத்தம் சீராக வர வேண்டும். திருகிய பிறகு கிரௌன் பின்னோக்கி வழுக்கினால், அதைத் தடுக்கும் கொக்கியான கிளிக் தேய்ந்திருக்கிறது அல்லது அதன் ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது. எவ்வளவு திருகினாலும் இறுக்கமே ஏறவில்லை என்றால் விசை தரும் எஃகுப் பட்டையான மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கும். இரண்டுமே தீர்க்கக்கூடியவை, விலையில் குறைத்துக் கேட்கலாம்.

பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள். திறந்ததும் முதலில் ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். வெட்டுத் தடம் சிதைந்து பிசிறு நின்றால், சரியான அளவு ஸ்க்ரூடிரைவர் இல்லாதவர் உள்ளே போயிருக்கிறார், மற்றதையும் அப்படியே செய்திருப்பார். அடுத்து கிரௌனின் தண்டான ஸ்டெம் நுழையும் இடத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள், தண்ணீர் முதலில் புகுவது அங்கே. கடைசியாக, பேலன்ஸோடு இருக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங். வளையங்கள் சம இடைவெளியில், ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விரிந்திருந்தால் வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்தத் தெரிந்தவர்கள் இன்று மிகக் குறைவு.

ஓடாத வாட்சை லேசாகச் சுழற்றி அசைத்துப் பாருங்கள். பேலன்ஸ் தாராளமாக ஆடி, கொஞ்ச நேரம் ஓடி நின்றால் பெரும்பாலும் எண்ணெய் காய்ந்ததுதான். அசைக்கும்போது பேலன்ஸ் சாய்ந்து ஒரு பக்கம் உரசினால் அதன் அச்சான ஸ்டாஃப் ஒடிந்திருக்கிறது. பேலன்ஸ் கம்ப்ளீட், அதாவது சக்கரம், அச்சு, ஹேர் ஸ்பிரிங் மொத்தமும், மாற்ற வேண்டும்.

#3 பென்னாகரம் கல்17

டயல் பத்தி நான் சொல்றேன். ஆன்லைன்ல வர்ற பச்சை, ஆரஞ்சு, ஊதா எல்லாம் பெரும்பாலும் பழைய டயலைச் சுரண்டி, மறுபடி பெயின்ட் அடிச்சு, அச்சுப் போட்டது. சேகரிக்கிறவங்க மத்தியில இதுக்கு ‘மும்பை ஸ்பெஷல்’னே பேர். கண்டுபிடிக்க 10 மடங்கு பெருசாக்கிக் காட்டுற லூப் (லென்ஸ்) ஒண்ணு போதும்.

எழுத்தோட ஓரத்தைப் பாருங்க. ஆலையில அச்சான எழுத்து கூர்மையா, மை கொஞ்சம் மேடா நிக்கும். ரீடயல்ல (மறு அச்சு போட்ட டயல்ல) ஓரம் கசிஞ்சிருக்கும், ‘17 ஜூவல்ஸ்’, ‘பாரா ஷாக்’ மாதிரிச் சின்ன வரிகள்ல எழுத்துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். அப்புறம் நிமிஷக் கோடுகள். 12, 3, 6, 9 நாலுக்கும் எண்ணோட நடுவும் கோடும் நேரா வருதான்னு பாருங்க. மறு அச்சுல 12-ஐச் சரி பண்ணிட்டா 6 நகர்ந்திருக்கும்.

முள்ளுல இருக்கிற ஒளிப்பூச்சும் டயல்ல இருக்கிறதும் ஒரே அளவுக்குப் பழசாகியிருக்கணும். டயல்ல வெள்ளை வெளேர்னும் முள்ளுல பழுப்பாவும் இருந்தா ரெண்டுல ஒண்ணு பின்னாடி வந்தது.

முக்கியமானது டயலுக்கு அடியில. டயல்ல ரெண்டு சின்னக் கால் இருக்கும், அது மூவ்மென்ட் ஓட்டையில இறங்கி, பக்கவாட்டு ஸ்க்ரூவால இறுகும். வேற மாடல் டயலைக் கொண்டுவந்து பொருத்துறவங்க காலை வெட்டிட்டுப் பசையில ஒட்டிடுவாங்க. நம்ம வெயில்ல, வண்டி டேங்க் மேல கை வெச்சு ஓட்டுறப்ப அந்தப் பசை இளகும். டயல் ஒரு முடி அளவு நகர்ந்தாப் போதும், நடு ஓட்டையில முள்ளோட குழாய் உரசி வாட்ச் நிக்கும். மெக்கானிக் மூவ்மென்ட்டை எத்தனை தடவை சுத்தம் பண்ணினாலும் அது தீராது.

விக்கிறவர்கிட்ட நாலு படம் கேளுங்க: மூவ்மென்ட், பின்மூடியோட உள்பக்கம், டயலைச் சாய்வா வெச்சு எடுத்தது, ஸ்ட்ராப் மாட்டுற கொம்பு, அதாவது லக், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடம். முன்பக்கப் படம் மட்டும்தான் இருக்குன்னு சொன்னா விட்டுடுங்க.

கேஸ் பத்தி ஒரு வரி. எச்.எம்.டி. கேஸ் நிறைய பித்தளை மேல குரோம் பூசினது, பின்மூடிதான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பாலிஷ் போட்டுப் போட்டு குரோம் போயிருந்தா லக் முனையில மஞ்சள் எட்டிப் பார்க்கும். அதுக்கு மேல வியர்வை பட்டா பச்சைக் களிம்புதான்.

#4 கெலமங்கலம் கீ

இதில் எனக்கு மாற்றுக் கருத்து. அருங்காட்சியகத்துக்கு வாங்கவில்லையே, கட்டுவதற்குத்தானே? மூல டயல் வெயிலில் வெடித்து, எழுத்து அழிந்து, மணி பார்க்க முடியாத நிலையில் இருந்தால் அதை மறு அச்சு போட்டுக் கட்டுவதில் என்ன குற்றம்? ரீடயல் என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் அது மோசடி இல்லை. ஆரஞ்சு டயல் பைலட் கட்டிக்கொண்டு சந்தோஷமாக இருப்பவர்கள் எத்தனையோ பேர். மூவ்மென்ட் நன்றாக ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

#5 ஓசூர் லூப்

சொல்லி விற்றால் சண்டையே இல்லை. ஆனால் டயலை மாற்றுகிறவர் டயலோடு நிறுத்துவதில்லை. ஒரு பெட்டியில் கிடக்கும் உடைந்த மூவ்மென்ட்களிலிருந்து ஒன்றின் பேலன்ஸ், மற்றொன்றின் பாலட் (சக்கரங்களைத் தட்டுத் தட்டாக விடும் கவை), வேறொன்றின் பிரிட்ஜ் (சக்கரங்களைப் பிடிக்கும் தகடு) என்று சேர்த்து ஓட வைத்திருப்பார். பேலன்ஸ் சக்கரமும் ஹேர் ஸ்பிரிங்கும் ஆலையில் ஒன்றுக்கொன்று பொருத்தி அளவிடப்பட்ட ஜோடி. ஜோடி மாறினால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் ஊசியை ஒரு கோடிக்குத் தள்ளிய பிறகும் நாளுக்கு ஐந்தாறு நிமிடம் முன்னும் பின்னும் போகும். பின்மூடியைத் திறந்ததும் ரெகுலேட்டர் ஊசி ஒரு ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். சில சமயம் அது காந்தம் ஏறியதாலும் இருக்கலாம், அதைப் பிறகு பேசுவோம்.

நல்ல மூவ்மென்ட் ஒன்று கையில் இருந்து, டயல் மட்டும் கண்ணால் பார்க்க முடியாதபடி போயிருந்தால், நீங்களே ரீடயல் செய்துகொள்ளுங்கள். காலை வெட்டாமல், பழைய டயலின் மேலேயே அச்சுப் போடச் சொல்லுங்கள். அதற்கு நான் எதிரியில்லை.

#6 கெலமங்கலம் கீ

ரெகுலேட்டர் ஊசி விஷயம் சரி. மற்றதில் என் கருத்து அப்படியே நிற்கிறது.

#7 காரிமங்கலம் பட்டறை மேசை

கிரானைட் தூசி பற்றி யாரும் சொல்லவில்லை. அதுதான் இங்கே பெரிய எதிரி.

கிரானைட் பொடியில் குவார்ட்ஸ் துகள் இருக்கிறது, எஃகை அறுக்கும் கடினம் அதற்கு உண்டு. அது கிரௌன் வழியாக உள்ளே போய் எண்ணெயில் கலந்தால் மரத்துக்கு உப்புத்தாள் தேய்ப்பது போல வேலை செய்யும். அச்சுகள் சுழலும் கற்கள் (ஜூவல்ஸ்) தாங்கும். கற்கள் இல்லாத இடங்கள் தாங்காது. 17 கல் எங்கெங்கே என்று கணக்கிடுங்கள்: பேலன்ஸுக்கு மேலும் கீழுமாக நான்கு, பேலன்ஸ் அச்சில் உள்ள வட்டான ரோலரில் ஒன்று, பாலட்டின் இரண்டு நுனிக் கற்கள், ஆக ஏழு. மீதி பத்தும் பாலட், அது தடுத்து விடும் எஸ்கேப் வீல், அடுத்தடுத்த சக்கரங்களின் பிவட்களுக்கு (அச்சு முனைகளுக்கு). மெயின் ஸ்பிரிங் இருக்கும் பேரலின் அச்சு சுழலும் துளை வெறும் பித்தளை. முழு விசையும் அங்கேதான் விழுகிறது. அந்தத் துளை நீள்வட்டமாகத் தேய்ந்தால் பேரல் சாய்ந்து பிரிட்ஜில் உரசும். வாட்ச் ஓடும், ஆனால் விசை குறைந்து ஆட்டம் தளரும். துளைக்கு புஷ் (புது வளையம்) அடித்தால்தான் தீரும், அதற்கு லேத் வைத்திருப்பவர் வேண்டும்.

ஆகவே மத்தூர் தம்பி, பட்டறை நேரத்தில் இதைக் கட்டாதீர்கள். மூடியுள்ள டப்பாவில் வைத்துவிட்டு, கையைக் கழுவிய பிறகு சாவி கொடுத்துக் கட்டுங்கள். தூசி படிந்த கையால் கிரௌனைத் திருகுவது, தூசியை நாமே பிடித்து உள்ளே தள்ளுவதற்குச் சமம். காற்றுக் குழாயால் வாட்சின் மேல் ஊதுவதும் அப்படியே.

#8 மத்தூர் மாங்கா

டப்பா யோசனை நடக்கும். சாவி எத்தனை சுற்று கொடுப்பது? அதிகம் கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துவிடும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்களே? சர்வீஸ் செய்யக் கொடுத்தால் அவர் என்னென்ன செய்தார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கொஞ்சம் விவரமாகச் சொன்னால் நல்லது.

#9 காரிமங்கலம் பட்டறை மேசை

காலையில் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றி, இறுகி நிற்கும் வரை கொடுங்கள். பெரும்பாலான மூவ்மென்ட்டுக்கு 25 முதல் 35 சுற்றுக்குள் முடியும். நின்ற பிறகு பலம் போட்டு முறுக்க வேண்டாம், அவ்வளவுதான். ‘ஓவர் வைண்ட் ஆகி நின்றுவிட்டது’ என்று கொண்டுவரப்படும் வாட்ச் எல்லாம் எண்ணெய் காய்ந்து நின்றவை. சாவி நிறைந்திருக்கிறது, ஆனால் ஓடவில்லை, அதனால் சாவி மேல் பழி விழுகிறது. கையில் கட்டியபடியே திருகினால் ஸ்டெம் பக்கவாட்டில் வளையும், அதனால் கழற்றச் சொல்கிறேன்.

சர்வீஸ் என்றால் முழுவதும் பிரித்து, கழுவி, எண்ணெய் வைத்துப் பூட்டுவது. பின்மூடியைத் திறந்து பெட்ரோலில் முக்கி எடுத்துக் காய வைப்பதற்கும் சிலர் சர்வீஸ் என்றுதான் சொல்கிறார்கள். முக்கினால் அழுக்கு ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குப் போகும், மிச்சம் இருந்த எண்ணெயும் போய்விடும். ஒரு மாதம் அழகாக ஓடும், பிறகு பிவட் தேயும்.

முறை இதுதான். முதலில் ஸ்பிரிங் விசையை இறக்க வேண்டும். கிரௌனை விரலால் பிடித்து, கிளிக்கை மெல்ல விலக்கி, கிரௌன் விரலிடுக்கில் வழுக்கியபடி பின்னோக்கிச் சுற்ற விட வேண்டும். விசை இருக்கும்போது பாலட்டைக் கழற்றினால் சக்கர வரிசை முழுவதும் பேய் வேகத்தில் சுழன்று பல்லும் பிவட்டும் ஒடியும். ஒடிந்த எஸ்கேப் வீல்களில் பாதி இப்படி வருவது.

முள், டயல், மணி முள்ளின் சக்கரம் (ஹவர் வீல்), நிமிட முள்ளைத் தாங்கும் கேனன் பினியன் என்ற வரிசையில் முன்பக்கம் கழலும். கேனன் பினியன் நடு அச்சில் உராய்வால் மட்டும் பிடித்து நிற்பது. தளர்ந்திருந்தால் வாட்ச் டிக் டிக் என்று சரியாக ஓடும், நிமிட முள் மட்டும் பின்தங்கும். டைம் செட் செய்யும்போது முள் வழவழவென்று தடையில்லாமல் சுற்றினால் அந்தக் கோளாறுதான். பின்பக்கத்தில் பேலன்ஸ், பாலட், மேல் சக்கரங்கள், பிரிட்ஜ்கள். கிரௌன் வீலின் ஸ்க்ரூ பல மூவ்மென்ட்களில் இடது மரை. தெரியாமல் வழக்கமான பக்கம் திருகினால் தலை துண்டாகிக் கையோடு வரும்.

கழுவுவதற்கு வெள்ளை பெட்ரோல் அல்லது லைட்டர் பெட்ரோல். பங்க் பெட்ரோல் காய்ந்த பிறகு பசை போல ஒரு படலம் விடும். முன்பு சி.டி.சி. (கார்பன் டெட்ராகுளோரைடு) திரவத்தில் கழுவுவார்கள், அது ஈரலைக் கெடுக்கும் விஷம், அதைத் தொடாதீர்கள். கடைசி அலசலுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நல்லது. ஆனால் பாலட்டையும் பேலன்ஸையும் அதில் ஊற வைக்கக் கூடாது. பாலட் கற்களையும் ரோலர் கல்லையும் பிடித்து வைத்திருப்பது அரக்கு, ஆல்கஹாலில் அது கரையும். கல் ஒரு நூலளவு நகர்ந்தாலும் பல்லைத் தடுக்கும் அளவான லாக் மாறி வாட்ச் தாறுமாறாக ஓடும்.

கழுவிய பிறகு ஒவ்வொரு கல் துளையிலும் கூர் சீவிய மரக்குச்சியைச் சுழற்றி எடுக்க வேண்டும், குச்சி நுனி வெள்ளையாக வரும் வரை. பாலட் இல்லாமல் சக்கர வரிசையை மட்டும் பூட்டி, பேரலை ஒரு பல் நகர்த்திப் பாருங்கள். எல்லாச் சக்கரமும் சுழன்று, நிற்கும் கணத்தில் எஸ்கேப் வீல் சற்றுப் பின்னோக்கித் திரும்பினால் வரிசையில் தடை இல்லை.

எண்ணெய் ஒன்றே எல்லா இடத்துக்கும் ஆகாது. வேகமான பிவட்களுக்கும் பேலன்ஸ் அச்சு முனையை மூடும் தொப்பிக் கல்லுக்கும் மோபியஸ் கம்பெனியின் 9010. மெதுவாகவும் பாரத்தோடும் சுழலும் நடுச்சக்கரம், பேரல் அச்சுக்கு D5. பாலட் கல்லின் முகத்தில் 9415, அது அசையாமல் இருக்கும்போது கெட்டியாகவும் தட்டும்போது இளகியும் நடந்துகொள்ளும். மெயின் ஸ்பிரிங்குக்கு 8200. தொப்பிக் கல்லில் எண்ணெய் வட்டம் கல்லின் குறுக்களவில் பாதிக்கு மேல், முக்காலுக்குள் நிற்க வேண்டும். விளிம்பைத் தொட்டால் பரப்பு இழுவிசையே அதை வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும், கல் காய்ந்துவிடும். பாலட் அச்சின் பிவட் இரண்டுக்கும் எண்ணெய் வைக்கக் கூடாது. ஹேர் ஸ்பிரிங்கில் ஒரு துளி பட்டாலும் மறுபடி கழுவ வேண்டும்.

தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கி ஸ்பிரே எதுவும் வேண்டாம். ஊர்ந்து பரவிக் காய்ந்து கோந்தாகும்.

அவர் என்ன செய்தார் என்று தெரிய வேண்டுமானால், பிரித்த நிலையில் ஒரு படமும், பூட்டிய பிறகு தட்டொலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் திரையின் படமும் கேளுங்கள். உண்மையில் பிரித்தவர் சந்தோஷமாக அனுப்புவார். கூலி வாட்ச் வாங்கிய விலையைத் தாண்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள். அரை நாள் வேலை அது.

#10 அதியமான்கோட்டை ஆட்டோமேடிக்

டைம்கிராஃபர் எண்களை எப்படிப் படிப்பது என்றும் சொல்லிவிடுங்கள் அண்ணா. போன் ஆப் போதுமா?

#11 காரிமங்கலம் பட்டறை மேசை

வேகத்தைப் பார்க்க ஆப் போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, இயர்போன் மைக்கைப் பின்மூடியில் ஒட்டி வையுங்கள். பேலன்ஸ் எத்தனை டிகிரி ஆடுகிறது என்ற ஆம்ப்ளிட்யூட் எண்ணை ஆப்பில் நம்ப வேண்டாம், சத்தம் சுத்தமாகக் கிடைக்காது.

முழுச் சாவி கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். டயல் மேல் பார்த்த நிலை, கீழ் பார்த்த நிலை, கிரௌன் கீழ், கிரௌன் மேல், கிரௌன் இடது, இந்த ஐந்திலும். படுத்த நிலையில் ஆம்ப்ளிட்யூட் 250 டிகிரிக்கு மேல் இருந்தால் பழைய எச்.எம்.டி.க்குத் தாராளம். நிமிர்த்தினால் 30 முதல் 40 குறைவது இயல்பு. 200-க்குக் கீழ் என்றால் அழுக்கு, களைத்த ஸ்பிரிங், தேய்ந்த பேரல் துளை, இவற்றில் ஒன்று. இரு பக்கத் தட்டுக்கும் உள்ள நேர வித்தியாசமான பீட் எரர் 1 மில்லி நொடிக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய மூவ்மென்ட்டில் ஹேர் ஸ்பிரிங்கின் வெளிமுனையைப் பிடிக்கும் ஸ்டட் நகராது, உள்முனையைப் பிடிக்கும் காலட்டைத் திருப்பித்தான் அதைச் சரிசெய்ய வேண்டும், அதில் ஹேர் ஸ்பிரிங் கெடும் வாய்ப்பு அதிகம். பாலட்டோடு தொடர்பில் இருக்கும்போது பேலன்ஸ் திரும்பும் கோணமான லிஃப்ட் ஆங்கிள் 52 என்று மெஷினில் இருக்கும். மூவ்மென்ட்டுக்கு உரிய கோணம் வேறாக இருந்தால் ஆம்ப்ளிட்யூட் எண்ணும் பொய்யாகும், வேகம் மட்டும் மாறாது.

டயல் மேல், டயல் கீழ் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கப் பிவட்டோ தொப்பிக் கல்லோ சரியில்லை. ரெகுலேட்டரை நகர்த்தி அதை மறைக்க வேண்டாம்.

#12 ஓசூர் லூப்

காந்தம் பற்றிச் சொல்வதாக இருந்தேன். திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முன்னே ஓடத் தொடங்கினால் சர்வீஸுக்கு ஓடாதீர்கள். ஹேர் ஸ்பிரிங் வளையங்கள் காந்தம் ஏறி ஒட்டிக்கொள்கின்றன, ஸ்பிரிங் குட்டையானது போல ஆகி பேலன்ஸ் வேகமாக ஆடுகிறது. சின்னத் திசைகாட்டியை வாட்சின் மேல் கொண்டுபோனால் ஊசி திரும்பும். ஸ்பீக்கர், காந்த மூடி வைத்த போன் கவர், இண்டக்‌ஷன் அடுப்பு, இவை வழக்கமான காரணங்கள். நீலப் பெட்டி டிமேக்னடைசர் மலிவாகக் கிடைக்கிறது. பெட்டியின் மேல் வாட்சை வைத்து, பட்டனை அழுத்தியபடியே வாட்சை மெல்லத் தூக்கி ஒரு கை நீளம் கொண்டுபோன பிறகுதான் பட்டனை விட வேண்டும். அருகில் வைத்தே விட்டால் இருந்ததைவிட அதிகமாக ஏறும்.

#13 அதியமான்கோட்டை ஆட்டோமேடிக்

சாவி வாட்ச் பற்றியே பேசுகிறீர்கள். கல்யாணச் சீரில் வந்த, கை அசைவில் சாவி ஏறும் ஆட்டோமேடிக்கான எச்.எம்.டி. காஞ்சன் இந்தப் பக்கம் பீரோக்களில் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. வளைகுடாவிலிருந்து வந்த சீக்கோ 5-ம் அப்படியே. கிழமைச் சக்கரத்தில் ஆங்கிலத்தோடு அரபி இருந்தால் அந்தச் சந்தைக்குச் செய்தது. சீக்கோவில் பின்மூடி எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் எழுத்து. பத்தாண்டு எது என்பதை மூவ்மென்ட் எண்ணை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

வாங்கும்போது, சாவி ஏற்றும் சுழல் எடையான ரோட்டரைப் பாருங்கள். வாட்சைக் காதருகே வைத்து ஆட்டினால் உலோகம் உரசும் சத்தம் வந்தால் ரோட்டரின் அச்சோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது, பின்மூடியின் உள்ளே வட்டக் கீறல் தெரியும். 7009, 6309 போன்ற சீக்கோக்களில் கிரௌனால் சாவி கொடுக்க முடியாது, கை அசைவு மட்டும்தான். நாள் முழுக்க மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இரவில் நின்றுவிட்டால் அது கோளாறு இல்லை.

தேதி மாற்றம்: இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை தேதியைக் கிரௌனால் மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தோடு மாற்றும் பல் கோத்திருக்கும், பலவந்தப்படுத்தினால் ஒடியும். முள்ளை 6 மணிக்குக் கொண்டுவந்துவிட்டுத் தேதி மாற்றுவது பாதுகாப்பு. ஆட்டோமேடிக்கின் பேரல் சுவரில் 8217 போன்ற தனி கிரீஸ் வேண்டும். சாவி வாட்சுக்கு வைக்கும் அதே எண்ணெயை வைத்தால் ஸ்பிரிங் நேரத்துக்கு முன்பே வழுக்கும், ஓடும் நேரம் பாதியாகும்.

#14 பென்னாகரம் கல்17

ஒரு எச்சரிக்கை. வெஸ்ட் எண்ட், ரோமர், ஃபாவ்ரே லூபா மாதிரிப் பழைய சுவிஸ் வாட்ச் கையில வந்தா, முள்ளுலயும் எண்ணுலயும் இருக்கிற பழுப்புப் பூச்சைச் சுரண்டாதீங்க. 1960-கள் தொடக்கம் வரைக்கும் ரேடியம் பூசுனாங்க. அதோட அரை ஆயுள் சுமார் 1,600 வருஷம். இருட்டுல ஒளி வராததுக்குக் காரணம் பூச்சுல இருந்த துத்தநாக சல்பைடு செத்துப் போனது, ரேடியம் அப்படியேதான் இருக்கு. முள்ளு ரொம்ப நாள் நின்ன இடத்துல டயல் மேல கருகின மாதிரி நிழல் விழுந்திருந்தா அதுதான் அடையாளம். மூடின கேஸ்ல பெருசா பயமில்ல, அந்தத் தூளை மூச்சுல இழுக்கிறதுதான் ஆபத்து. டயலோட அடியில ‘சுவிஸ் மேட்’டுக்கு ரெண்டு பக்கமும் ‘T’ போட்டிருந்தா ட்ரிட்டியம். அது 12 வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாகும், இப்ப அநேகமா ஒளியே இருக்காது.

#15 மத்தூர் மாங்கா

ஒரு பைலட் பார்த்து வைத்திருக்கிறேன். கறுப்பு டயல், எண்கள் கூர்மையாக இருக்கின்றன, ஒளிப்பூச்சு டயலிலும் முள்ளிலும் ஒரே பழுப்பு. பிளாஸ்டிக் கண்ணாடி முழுக்கக் கீறல். 12 சுற்று கொடுத்ததும் ஓடியது, பத்து நிமிடத்தில் நின்றது. லக் அடியில் பச்சைக் களிம்பு கொஞ்சம். ஸ்க்ரூ தலைகள் சுத்தம்.

#16 ஓசூர் லூப்

எடுங்கள். ஸ்க்ரூ தலை சுத்தமாக இருப்பதே பாதி விலை. முழு சர்வீஸ் முடியும் வரை மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள், காய்ந்த துளையில் ஓட்டினால் பிவட் தேயும்.

கண்ணாடி அக்ரிலிக், கீறலுக்கு மாற்ற வேண்டியதில்லை. பாலிவாட்ச் களிம்போ வெள்ளை டூத்பேஸ்ட்டோ பஞ்சில் தொட்டு ஐந்து நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் தெளியும். டூத்பேஸ்ட் கிரௌன் பக்கம் போகாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். விரிசல் விழுந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள், அளவை 0.1 மி.மீ. வரை அளந்து வாங்க வேண்டும். சிறியது போட்டால் தூசி புகும், பெரியது போட்டால் வெயிலில் விரிந்து வெடிக்கும்.

லக் அடியில் உள்ள பச்சைக் களிம்பைச் சுரண்டக் கத்தி வேண்டாம். மூவ்மென்ட்டை வெளியே எடுத்த பிறகு, கேஸை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து மென்மையான பல்துலக்கியால் தேய்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் பக்கமே வேண்டாம். ஒகேனக்கல் சாரல், கே.ஆர்.பி. அணைக் குளியல், மழையில் வண்டி, எதுவும். மார்கழிக் காலையில் ஓசூர், தளி பக்கம் போகும்போது கண்ணாடியின் உள்ளே பனி படிந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கிரௌனை வெளியே இழுத்து வைத்து, அன்றைக்கே மெக்கானிக்கிடம் போங்கள். அரிசியில் புதைத்து வைப்பதால் துரு நிற்காது.

#17 கெலமங்கலம் கீ

ஸ்ட்ராப்பை யாரும் சொல்லவில்லை. அந்தக் கால ஆண்கள் வாட்சுக்குப் பெரும்பாலும் 18 மி.மீ. வரும், வாங்கும் முன் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். தருமபுரி வெயிலுக்குத் தோல் வேண்டாம். வியர்வையைக் குடித்து அதை அப்படியே லக்குக்குக் கொடுக்கும், களிம்பு வருவதே அதனால்தான். ஒரே நீளமாக ஓடும் நைலான் ஸ்ட்ராப் போடுங்கள். இரண்டு பின்னுக்கும் அடியில் போவதால் ஒரு ஸ்பிரிங் பின் கழன்றாலும் வாட்ச் கையிலேயே தொங்கும். பழைய பின்னை நம்பாமல் இரண்டையும் புதிதாக மாற்றிவிடுங்கள், டீக்காசுதான். இரவில் ஸ்ட்ராப்பைக் கழற்றி அலசிக் காயப் போடலாம்.

ஆரஞ்சு டயலுக்கு ஆள் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் வரவும். ரீடயல்தான், சொல்லித்தான் தருகிறேன், நாலு படமும் ரெடி.